வாக்குத்தத்த அட்டையும் வேத வாசிப்பும் ஒன்றல்ல

நீளமான பதிவுதான். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், மற்றவர்கள் தாராளமாகக் கடந்து போங்கள். படிக்காமலே "ஆமென்" மட்டும் போட்டுவிட்டுப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் நான் போட்ட இரண்டு வரிதான் இதற்கெல்லாம் காரணம். காலையில் வாட்ஸ்அப்பில் வந்த வசனப் படத்தைப் பார்த்து, அதை இன்னும் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டால் அது வேத வாசிப்பு ஆகாது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "டீச்சர், உங்கள் காலம் வேறு, எங்கள் காலம் வேறு" என்றார் ஒருவர். "ஒரு வசனத்தின் மூலம் ஆண்டவர் பேசமாட்டாரா?" என்று கேட்டார் இன்னொருவர். வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர், தினமும் இவ்வளவு படிக்கவேண்டும் என்பது நியாயப்பிரமாணம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம் என்று எனக்கே பாடம் எடுத்திருந்தார். நல்லது தம்பி. தினமும் சாப்பிடுவதும் நியாயப்பிரமாணம்தானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் செல்போனுக்கு எதிரி இல்லை. கண்புரை வந்து எழுத்துத் தெரியாத பெரியவர்கள் ஆடியோ பைபிள் கேட்கிறார்கள். அது அருமையான காரியம். எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம் மட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது ஜனங்கள் காதால்தானே கேட்டார்கள்? நெகேமியா 8-ஆம் அதிகாரம். ஆதிச் சபைகளில் பவுலின் நிருபத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கையில் காகிதம் இருந்தாலும் சரி, போன் இருந்தாலும் சரி. முழுதாக வாசிக்கிறோமா, துண்டு துண்டாகப் பிய்த்து எடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரிசையில் நின்று ஒரு அட்டை எடுக்கிறோம். அதன்பிறகு மாதம் பிறந்தால் முதல் தேதி வாக்குத்தத்தம், நாள் விடிந்தால் போனில் ஒரு வசனம். சில வீடுகளில் ரொட்டி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதிலிருந்து காலையில் ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். பிடித்த வசனம் வராவிட்டால் இன்னொன்று எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். சந்தையில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது விளக்கினால் தேவலை.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். உன் ஆரம்பம் சிறியதாக இருந்தாலும் உன் முடிவு பெரிதாக இருக்கும் என்கிற கருத்துள்ள வசனம். யோபு 8:7. புது வீட்டு வாசலில், கடைத் திறப்பு விழா அழைப்பிதழில், திருமணப் பத்திரிகையில் எல்லாம் பார்க்கலாம். இதைச் சொன்னது யார்? ஆண்டவரா? தீர்க்கதரிசியா? இல்லை, சூகியனான பில்தாத். யோபுவைத் தேற்ற வந்து குத்திவிட்டுப் போன மூன்று சிநேகிதரில் ஒருவன். மூன்று வசனம் முன்னால் போய் 8:4-ஐ வாசியுங்கள். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் இது என்ற தோரணையில் பேசுகிறான். நீ சுத்தமும் செம்மையுமாக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். அந்தப் பேச்சின் வால்தான் நம் வீட்டு வாசலில் ஒட்டியிருக்கிற வசனம்.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாசை நோக்கி, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர் மேலும் எனக்குக் கோபம், நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். 42:7. கர்த்தர் சரியில்லை என்று சொன்ன பேச்சிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி, கர்த்தருடைய வாக்குத்தத்தம் என்று லேமினேட் செய்து மாட்டிவைத்திருக்கிறோம். யோபுவின் முடிவு நன்றாகத்தானே ஆனது, பில்தாத் சொன்னது பலித்ததே என்று கேட்பீர்கள். ஆனது உண்மைதான். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் ஆகவில்லை. யோபுவின் பாவத்தால் வந்த துன்பம் அல்ல அது என்பதை முதல் இரண்டு அதிகாரங்களிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். சீட்டு எடுக்கிறவருக்கு அந்த இரண்டு அதிகாரமும் கிடைப்பதில்லை, நாற்பத்திரண்டாவதும் கிடைப்பதில்லை.

எரேமியா 29:11-உம் அப்படித்தான். உங்கள்மேல் நான் வைத்திருப்பது சமாதான நினைவுகள், தீமை அல்ல என்கிற வசனம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் விசாவுக்குக் காத்திருக்கிற பையனுக்கும் அனுப்புகிறோம். இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்று கடிதம் தொடங்குகிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனம் வருகிறது. எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நடுவயதுக்காரர் ஒருவரும் ஊர் திரும்பப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் போகலாம். "உனக்கு இந்த வருஷம்" என்று அதில் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துபோகும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அறிவித்தான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அன்றைக்கு அட்டை அச்சடித்திருந்தால் அனனியாவின் வார்த்தையைத்தான் அச்சடித்திருப்பார்கள். எழுபது வருஷம் என்ற கிழவனின் கடிதத்தை யார் ஃபார்வர்டு செய்வார்கள்? அனனியா அந்த வருஷமே செத்துப்போனான் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்கிற உபாகமம் 28:13 நம் சபைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 1 முதல் 14 வரை. சாபம் 15 முதல் 68 வரை. பதினான்குக்கு ஐம்பத்துநான்கு. இது தனிமனுஷனுக்குப் பதவி உயர்வு வாக்கு இல்லை, ஒரு ஜனம் முழுவதற்கும் வைத்த உடன்படிக்கை. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை இவர்களுடைய நியாயத்தைப் புரட்டுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று இருக்கிறது. தலையாக ஆசைப்படுகிறவர்கள் அதையும் ஒரு அட்டையில் போட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

இதெல்லாம் சாதாரண விஷயம், மனசுக்குத் தெம்பாக இருந்தால் போதாதா என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊரையும் பேரையும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அந்த வருஷம் அவள் எடுத்த அட்டையில் சுகம் தருவேன் என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. அதைப் பர்சில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். சபையிலும் வந்தவர் போனவர் எல்லாம், "வாக்குத்தத்தம் கிடைச்சிருக்கு, பயப்படாத" என்றார்கள். ஆகஸ்டில் அவர் போய்விட்டார். துக்க வீட்டுக்கு வந்த ஒருவர், அவளுடைய காதில் விழும்படியே, விசுவாசம் குறைவாக இருந்திருக்கும் என்றார். அந்த மனுஷர் பில்தாத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் பில்தாத் பேசினதை அப்படியே பேசினார்.

அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "டீச்சர், ஆண்டவர் பொய் சொல்லுவாரா?"

அவர் பொய் சொல்லவில்லை அம்மா, அந்த அட்டை உனக்கு அவர் எழுதினது இல்லை என்று சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது. சொன்னது வாயால் அல்ல. வாரத்துக்கு இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து யோபுவை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தோம், பிறகு சங்கீதங்கள். 88-ஆம் சங்கீதம் வந்தபோது அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே வாசித்தாள். அந்தச் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் வெளிச்சம் வராது. இருளிலேயே முடிகிறது. "இப்படியும் பைபிள்ல இருக்கா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து கோயிலுக்கு வருகிறவள். ஓய்வுநாள் பாடசாலையில் பரிசு வாங்கினவள். ஆண்டவரிடம் அழுது சண்டை போடுவதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று நாற்பத்தாறு வயது வரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் 88-ஆம் சங்கீதத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

இதற்காகத்தான் கோபப்படுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

ஒருநாளைக்கு ஒரு வசனம் என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தில் சின்சென்டார்ஃப் பிரபு 1728-இல் தொடங்கியது. மொரேவியர்கள் அங்கே தினமும் ஒரு வார்த்தையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 1731 முதல் அது புத்தகமாக அச்சாகிறது, இன்றும் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். (அந்த மொரேவியர்கள் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.) அப்படியானால் சீட்டு தப்பில்லையே என்பீர்கள். அவர்கள் அந்தச் சீட்டோடு நிறுத்தவில்லை. காலை மாலை கூடி ஜெபித்தார்கள், வசனத்தைக் கொண்டுபோன வீட்டில் உட்கார்ந்து, இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தார்கள். நாம் விசாரிக்கிறோமா? ஃபார்வர்டு செய்கிறோம். இரண்டு நீல டிக் விழுந்தால் ஊழியம் முடிந்தது.

ஹிட்லரை எதிர்த்து நின்று 1945-இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபர் இந்த மொரேவிய வசனப் புத்தகத்தை மிகவும் நேசித்தவர், சிறையிலும் வைத்திருந்தார். ஆனாலும் கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி 1939-இல் அவர் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில், அன்றன்றைய வசனம் வேத வாசிப்பின் இடத்தைப் பிடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். ஒரு குடும்பம் காலையிலும் மாலையிலும் பழைய ஏற்பாட்டில் ஒரு அதிகாரமும் புதிய ஏற்பாட்டில் அரை அதிகாரமுமாவது தொடர்ச்சியாக வாசிக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் பாரமாகத் தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறார்.

நம் சி.எஸ்.ஐ. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. மிஷனரிகள் கொண்டுவந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலேயே இந்தத் திட்டம் இருக்கிறது. கிரான்மர் 1549-இல் அதை ஏற்படுத்தினபோது, சங்கீதங்கள் 150-உம் மாதம் ஒருமுறை, பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி வருஷத்துக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடு வருஷத்துக்கு மூன்று முறை என்று பிரித்து வைத்தார். ஒரு புத்தகத்தை ஆரம்பிப்பதும் முடிக்காமல் விடுவதுமாக ஆகிவிட்டதே என்பதுதான் முன்னுரையில் அவருடைய குறை. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் ஆகிறது, நாம் இப்போது ஆரம்பிப்பதுகூட இல்லை.

"அகஸ்தீனுக்கு ஒரு வசனத்தில் மனந்திரும்புதல் வரவில்லையா?" என்று படித்த சகோதரர் ஒருவர் கேட்டிருந்தார். வந்தது. 386-இல், மிலான் தோட்டத்தில், ரோமர் நிருபத்தைத் திறந்து கண்ணில் பட்டதை வாசித்தார். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். யோவான் சுவிசேஷத்துக்கு மட்டும் 124 பிரசங்கம். சங்கீதங்கள் நூற்றைம்பதுக்கும் விளக்கம். திறந்த பக்கத்தில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கவில்லை அந்த மனுஷர். ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்த வேறொருவனும் வேதத்தில் உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் நின்று 91-ஆம் சங்கீதத்திலிருந்து சரியாக எடுத்துச் சொன்னான். யார் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்த 21 நாள் சவால். வாலிபர் குழுவில் 21 நாள் தொடர்ந்து செயலியில் வாசித்தால் பழக்கம் ஆகிவிடும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். விட்ட நாளுக்குச் செயலியில் நெருப்புப் படம் அணைந்துவிடுமாம், மறுபடி ஒன்றிலிருந்து. இந்த 21 எங்கிருந்து வந்தது? 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அது ஊர் ஊராகப் போய் "21 நாளில் எந்தப் பழக்கமும் வரும்" என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் கண்டார்கள்.

ஒன்றாம் வகுப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் 'அ' எழுதப் பழக்கினவளுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், இன்னொன்றுக்குத் தீபாவளி தாண்டும். காய்ச்சல் வந்து மூன்று நாள் வராத பிள்ளையின் சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி முதல் கோட்டிலிருந்து போடு என்று எந்த டீச்சரும் சொல்லமாட்டாள். சொன்னால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வராது. அந்தச் செயலி அதைத்தான் செய்கிறது. இருபதாம் நாள் விட்டவன் இருபத்தோராம் நாள் வெட்கப்பட்டுப் படிப்பதையே விடுகிறான்.

நாலு மணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கன்வென்ஷன் மேடையில் நின்று, அதிகாலை நாலு மணிக்கு எழும்பாதவன் கிறிஸ்தவனே அல்ல என்கிற பிரசங்கியார்களின் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறது யார், சோறு பொங்குகிறது யார் என்று ஒருமுறை விசாரிக்க ஆசை. ராத்திரி டியூட்டி முடித்து வருகிற நர்ஸ் பிள்ளை நாலு மணிக்கு எங்கே எழும்புவாள்? பீடி சுற்றிக் கணக்கு முடிக்கப் பதினோரு மணி ஆகிற பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! இயேசு அதிகாலையில் எழும்பி ஜெபித்தார், சரி. ராமுழுதும் ஜெபித்ததும் எழுதியிருக்கிறதே. தானியேல் நாளுக்கு மூன்று வேளை. வேதத்தில் ஒரே நேரம் என்று கட்டளை இல்லை. பீடி சுற்றுகிற இடத்தில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினால் அதுவும் வேளைதான்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு. வேதத்தில் 1,189 அதிகாரம். ஒருநாளைக்கு ஒன்று என்றால் மூன்று வருஷமும் மூன்று மாதமும். யாரும் துரத்தவில்லை. ஒரு அதிகாரம் சத்தமாக வாசிக்க ஐந்து நிமிஷம், பெரிதானால் பத்து. முழுதும் பயமாக இருந்தால் மாற்கு: பதினாறே அதிகாரம், ஒரே உட்காரலில் வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். வீட்டில் எல்லோரும் இருக்கிற ஒரு நேரத்தைப் பாருங்கள். சீரியலுக்கு முன்னாலோ, முடிந்த பிறகோ, அது உங்கள் பாடு. வாசிக்கிற வேலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். "நேபுகாத்நேச்சார்" வரும்போது தடுமாறட்டும், சிரிக்கட்டும், பரவாயில்லை. வாசித்து முடித்தபின் அப்பா அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணவேண்டாம். பல வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து. புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். லேவியராகமத்தில் நானும் மெதுவாகத்தான் நடப்பேன்.

ஐயர்மாருக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஒரு விண்ணப்பம். வருகிற டிசம்பருக்கு அட்டை அச்சடிக்க இப்போதே ஆர்டர் கொடுப்பீர்கள். அதே பணத்தில் ஒரு தாளில் வருஷம் முழுவதற்கும் எந்த நாளில் எந்த அதிகாரம் என்று அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தில் சபை வாசித்த பகுதியிலிருந்தே பிரசங்கம் பண்ணுங்கள். அட்டை இல்லையே என்று முதல் வருஷம் முணுமுணுப்பார்கள். அந்தச் சகோதரி மாதிரி ஒருத்தியாவது கையில் முழு வேதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து அடுத்த திங்கள் ராத்திரி ஏழரைக்கு யோபு ஆரம்பிக்கிறோம், நாளுக்கு ஒரு அதிகாரம். பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம், காப்பி உண்டு. கமெண்டில் எனக்குப் பதிலாக வசனம் போடப்போகிறவர்கள், அதற்கு முன்னால் பத்து வசனமும் பின்னால் பத்து வசனமும் வாசித்துவிட்டுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன்.